வாடகை கேரவனுக்கு 'ஃபுல் இன்ஷூரன்ஸ்': யாருக்கு ஃபுல்?

கேள்வி: ஐயா, எங்களுக்கு மார்த்தாண்டம். துபாயில் இருக்கும் அண்ணன் குடும்பத்தோடு லீவுக்கு வருகிறார். பெரியவர்கள், பிள்ளைகள் என்று மொத்தம் எட்டுப் பேர். திருவனந்தபுரத்தில் ஒருவரிடம் கேரவன் வாடகைக்கு எடுத்து, நாங்களே ஓட்டி, திற்பரப்பு, முட்டம், கன்னியாகுமரி என்று மூன்று நாள் சுற்ற ஆசை. "வண்டிக்கு ஃபுல் இன்ஷூரன்ஸ் உண்டு, பயப்படவே வேண்டாம்" என்கிறார் வண்டிக்காரர். ஆனால் ஐம்பதாயிரம் அட்வான்ஸும் கேட்கிறார். இன்ஷூரன்ஸ் இருந்தால் அட்வான்ஸ் எதற்கு? அப்புறம், அண்ணனின் இந்திய லைசென்ஸ் போன வருடம் முடிந்துவிட்டது. துபாய் லைசென்ஸ் இருக்கிறது. அது போதுமா?

பதில்: அட்வான்ஸ் எதற்கு என்று கேட்டீர்களே, அதில்தான் எல்லாம் இருக்கிறது. இன்ஷூரன்ஸ் என்பது வண்டிக்காரரும் கம்பெனியும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம். வண்டி அடிபட்டால் கம்பெனி பணம் கொடுப்பது அவருக்கு. அந்தப் பாலிசியில் உங்கள் பெயர் எங்கும் கிடையாது. கம்பெனி கொடுக்காமல் விடுவதை எல்லாம் அவர் உங்கள் அட்வான்ஸில்தான் பிடிப்பார். அவர் 'ஃபுல்' என்று சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அது அவருக்கு ஃபுல், அவ்வளவுதான்.

முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால், நாமே ஓட்டிக்கொள்ள வாடகைக்கு விடும் வண்டி. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் டிரைவரோடு ஓடும் வாடகை வண்டி. வெள்ளைப் பலகை என்றால் சொந்த உபயோக வண்டி. அதை வாடகைக்கு விடுவதே தவறு. பாலிசியில் 'லிமிடேஷன்ஸ் அஸ் டு யூஸ்' என்று, வண்டியை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று சொல்லும் ஒரு பகுதி இருக்கும். சொந்த வண்டிப் பாலிசியில், வாடகைக்கு ஓட்டினால் பாதுகாப்பு இல்லை என்று அந்த இடத்தில் எழுதியிருப்பார்கள். வெள்ளைப் பலகை என்று தெரிந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் வேண்டாம்.

பலகை சரி என்றால் பாலிசியின் எல்லாப் பக்கங்களையும் வாட்ஸ்அப்பில் வாங்குங்கள். முதல் பக்கம் மட்டும் போதாது.

மூன்றாம் நபருக்கான காப்பீடு சட்டப்படி கட்டாயம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவு அதைச் சொல்கிறது. ரோட்டில் போகிற ஒருவருக்குக் காயமோ மரணமோ ஏற்பட்டால் கம்பெனி இழப்பீடு கொடுக்கும். அடுத்தவர் வண்டியோ மதிலோ இடிந்தால் பொதுவாக 7.5 லட்சம் ரூபாய் வரை கொடுக்கும். இந்தப் பகுதி பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் பெர்மிட், லைசென்ஸ் இரண்டில் ஒன்று சரியில்லை என்றால், பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை வண்டிக்காரரிடம் கம்பெனி திரும்பக் கேட்கலாம். அவர் யாரிடம் வருவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கேரள வண்டி களியக்காவிளை தாண்டி வருவதால், அகில இந்திய டூரிஸ்ட் பெர்மிட் உண்டா என்று கட்டாயம் கேளுங்கள்.

வண்டிக்கே ஏற்படும் சேதம்தான் மக்களை மாட்டிவிடுகிற இடம். அடிபட்ட வண்டிகளின் சேதத்தை மதிப்பிடும் இன்ஷூரன்ஸ் சர்வேயராக நான் இருந்த காலத்தில் ஒரு வேன் பார்க்கப் போனேன். குறுகலான ரோட்டில் எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கும்போது கருங்கல் மதிலில் உரசியிருந்தார்கள். முன் பம்பர் இரண்டாகப் பிளந்து, இடது ஹெட்லைட் கண்ணாடித் தூளாகக் கிடந்தது. பக்கவாட்டில் பெயிண்ட் ஒரு முழ நீளத்துக்கு உரிந்திருந்தது. வாடகைக்கு எடுத்திருந்த குடும்பம், இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று தைரியமாக நின்றது. பாலிசியைப் புரட்டினேன். ஐஎம்டி 23 (IMT 23) இல்லை. டாக்ஸி தவிர்த்த வாடகை வண்டிகளுக்கான பாலிசியில் விளக்கு, டயர், மட்கார்டு, பம்பர், பானெட், பக்கத் தகடு, பெயிண்ட் ஆகியவை சாதாரணமாகச் சேராது. கூடுதல் பிரீமியம் கட்டி ஐஎம்டி 23 என்ற இணைப்பை வாங்கியிருந்தால்தான் சேரும். உடைந்தது எல்லாமே அந்தப் பட்டியலில் இருந்தது. நான் எழுதிய ரிப்போர்ட்டில் கம்பெனி கொடுக்க ஒரு ரூபாய்கூட இல்லை. அந்த வீட்டு அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இன்றும் அந்த முகம் மறக்கவில்லை.

ஆகவே பாலிசியில் ஐஎம்டி 23 என்ற எண்ணைத் தேடுங்கள். இருந்தாலும்கூட அந்தப் பாகங்களுக்கு முழுத் தொகை வராது. இன்னொன்றும் உண்டு. கிளெய்ம் போட்டால் வண்டிக்காரருக்கு அடுத்த வருடப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி போய்விடும். அது 20 முதல் 50 சதவீதம் வரை. அதனால் சின்னச் சேதத்துக்கு அவர் கிளெய்ம் போடவே மாட்டார், உங்கள் அட்வான்ஸில் கழித்துக்கொள்வார்.

கேரவனுக்கு உள்ளே கட்டில், ஃபிரிட்ஜ், ஏசி, அடுப்பு என்று வைத்திருப்பார்கள். பிறகு பொருத்திய சாமான்களைக் கம்பெனிக்குச் சொல்லி, அவற்றின் மதிப்பையும் பாலிசியில் சேர்த்திருந்தால்தான் அவற்றுக்குப் பணம் வரும். உங்கள் நகை, செல்போன், பெட்டி எதுவும் வண்டிப் பாலிசியில் வராது.

எட்டுப் பேர் என்றீர்கள். ஆர்சி புத்தகத்தில் சீட் எத்தனை என்று பாருங்கள். கட்டில் போட்ட கேரவனில் உட்காரும் சீட் குறைவாகப் பதிவாகியிருக்கும். எத்தனை பேருக்கு அனுமதியோ அத்தனை பேருக்குத்தான் கம்பெனி பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2007-லேயே சொல்லிவிட்டது. ஓடும் வண்டியில் பிள்ளைகளைக் கட்டிலில் படுக்க வைக்காதீர்கள். அது இன்ஷூரன்ஸையும் தாண்டிய விஷயம்.

ஓட்டுகிறவருக்கு என்ன கிடைக்கும்? வண்டிப் பாலிசியில் உள்ள 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு, வண்டியின் உரிமையாளர் ஓட்டினால் அவருக்கு. அடுத்தவர் வண்டியை வாங்கி ஓட்டுகிறவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், மூன்றாம் நபர் ஆகமாட்டார் என்று 2020-ல் ஒரு வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. உங்கள் அண்ணன் தனக்கென்று ஒரு தனிநபர் விபத்துப் பாலிசி எடுத்துக்கொண்டு ஓட்டட்டும்.

நம் ஊருக்கென்று சில விஷயங்கள் இருக்கின்றன. தென்னைக்குக் கீழே நிறுத்தித் தேங்காய் விழுந்தால் அது விபத்துதான், கிளெய்ம் போடலாம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஜூன் முதல் காற்று பலமாக இருக்கும். உயரமான வண்டி ஆடும், மெதுவாகப் போங்கள். சொத்தவிளைக் கடற்கரையில் வண்டியை மணலுக்குள் இறக்காதீர்கள். சிக்கினால் இழுக்கும் செலவில் பெரும்பகுதி உங்கள் கையைத்தான் கடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ரோட்டில் தண்ணீர் நின்றால் காத்திருங்கள். தண்ணீர் புகுந்த இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்து அது கெட்டால், இன்ஜின் பாதுகாப்பு இணைப்பு இல்லாத பாலிசியில் பணம் வராது.

லைசென்ஸ் விஷயம். துபாய் லைசென்ஸை மட்டும் நம்பி அண்ணன் ஸ்டியரிங்கைத் தொட வேண்டாம். இந்திய லைசென்ஸ் முடிந்து ஒரு வருடம் ஆகவில்லை என்றால் ஓட்டிக் காட்டும் தேர்வு இல்லாமல் புதுப்பிக்கலாம். ஒரு வருடம் தாண்டினால் தேர்வு உண்டு. தேதியை இன்றே பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தபின் விண்ணப்பித்தால் புதுப்பித்த நாளிலிருந்துதான் செல்லும், இடைப்பட்ட நாட்களுக்குச் செல்லாது. கார் லைசென்ஸ் இருந்தால் 7,500 கிலோவுக்கு மிகாத வாடகை வண்டியையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டது. அந்தக் கவலை வேண்டாம்.

என்னைக் கேட்டால், எட்டுப் பேர், பழக்கமில்லாத உயர வண்டி, லைசென்ஸும் இழுபறி என்கிறபோது டிரைவரோடு எடுப்பதே நல்லது. டிரைவர் அவர்களுடைய ஆள் என்பதால் ஓட்டியதில் வரும் பிழை உங்கள் தலையில் விழாது. வாடகை கொஞ்சம் கூடும், கூடட்டும்.

இல்லை, நாங்களேதான் ஓட்டுவோம் என்றால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதை அவரிடம் எழுதி வாங்குங்கள்: "விபத்து நடந்தால் கிளெய்ம் நான் போடுவேன். கம்பெனி கழித்த தொகையில் இத்தனை ரூபாய்க்கு மேல் வாடகைக்கு எடுத்தவரிடம் கேட்கமாட்டேன். மீதி அட்வான்ஸை இத்தனை நாளில் திருப்பித் தருவேன்." தொகையும் நாளும் எண்ணில் இருக்க வேண்டும். சாவி வாங்கும்போது வண்டியைச் சுற்றி, கூரை உட்பட, வீடியோ எடுத்து அங்கேயே அவருக்கு அனுப்புங்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் அதேபோல் எடுங்கள்.