மெட்டு யாருக்கு, மிக்சர் யாருக்கு?

கேள்வி: கோவையில் ஐந்து நண்பர்கள் நான்கு ஆண்டுகளாக ஒரு பேண்ட் நடத்துகிறோம். கல்யாண வரவேற்பு, கல்லூரி விழா என்று கச்சேரிகள் வருகின்றன. சொந்தமாக ஆறு பாட்டும் வெளியிட்டிருக்கிறோம். செலவு போக மிஞ்சுவதை ஐந்தாகப் பிரித்துக்கொள்கிறோம். இப்போது கிதார் வாசிப்பவர் மேற்படிப்புக்குக் கனடா போகிறார். இதுவரை எதையும் எழுதி வைக்கவில்லை. என்னென்ன எழுத வேண்டும்?

பதில்: நீங்கள் எழுதாவிட்டாலும் உங்களுக்கு ஓர் ஒப்பந்தம் ஏற்கெனவே இருக்கிறது. சேர்ந்து தொழில் செய்து லாபத்தைப் பங்கிடுகிறவர்களை 1932-ம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் பெரும்பாலும் பங்குதாரர்களாகத்தான் பார்க்கும். வாய்ப்பேச்சே அதற்குப் போதும். நீங்கள் பேசி முடிவெடுக்காத இடத்திலெல்லாம் அந்தச் சட்டம் புகுந்துகொள்ளும். லாபமும் நஷ்டமும் சமபங்கு. குழுவுக்காக ஒருவர் வாங்கிய கடனுக்கு மற்ற நால்வரும் பொறுப்பு. எவர் வேண்டுமானாலும் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்துக் குழுவையே கலைத்துவிடலாம். இந்தக் கடைசி விஷயம் பலருக்குத் தெரியாது. எனவே ஒருவர் விலகினால் அவர் மட்டும் விலகுவார், குழு தொடரும் என்பதை முதலில் எழுதுங்கள். எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும், அட்வான்ஸ் வாங்கிய கச்சேரியை முடித்துக்கொடுத்துவிட்டுப் போக வேண்டுமா என்பதும் அதே பத்தியில் வரட்டும்.

உண்மையான சிக்கல் பாட்டில்தான். 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு பாட்டுக்குள் மூன்று சொத்துகள் இருக்கின்றன. வரிகள் எழுதியவருடையவை, இசை மெட்டமைத்தவருடையது, ஒலிப்பதிவு தயாரிப்பாளருடையது. பதிவுக்கு முன்கை எடுத்துப் பொறுப்பேற்றவரையே சட்டம் தயாரிப்பாளர் என்கிறது. ஸ்டுடியோ பில் உங்களில் ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால், நாளைக்கு அவரே அந்த இடத்தைக் கேட்கலாம். இவை போக, பாடியவருக்கும் வாசித்தவருக்கும் நிகழ்த்துநர் உரிமை என்று 50 ஆண்டு நீடிக்கும் தனி உரிமை உண்டு.

ரிகர்சலில் ஐந்து பேரும் சேர்ந்து உருட்டி எடுத்த மெட்டு என்றால் இன்னும் குழப்பம். "அந்தப் பல்லவிக்கு முதல் பிடி நான் கொடுத்தது" என்று இரண்டு வருஷம் கழித்து மூன்று பேர் சொல்வார்கள். மூவரும் மனசாரத்தான் சொல்வார்கள். ஆகவே ஆறு பாட்டையும் பெயர் போட்டு, வரிக்கு யார், இசைக்கு யார், எத்தனை சதவீதம் என்று ஓர் இணைப்புத் தாள் தயாரித்து எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். புதுப் பாட்டு வந்தால் பதிவு முடிந்த அன்றே அதில் ஒரு வரி சேருங்கள்.

பாட்டுகளைக் குழுவின் பெயருக்கே மாற்றிவிடலாமா என்று கேட்பீர்கள். மாற்றலாம், எழுத்தில், கையெழுத்தோடு. காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். ஸ்ட்ரீமிங் காலத்தில் 'உலகம் முழுவதும்' என்ற இரண்டு சொல்லை விடுவது பெரிய நஷ்டம். இன்னொன்று: 'விலகுபவருக்கு ராயல்டி கிடையாது' என்று ஆத்திரத்தில் எழுதிவிடாதீர்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு பாடலாசிரியரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டி உரிமையை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டாலும் அது செல்லாது. கிதார் தம்பி டொராண்டோவில் இருந்தாலும் அவர் போட்ட மெட்டுக்குப் பங்கு போகத்தான் வேண்டும். இனிமேல் நடக்கும் கச்சேரி வருமானம் வேறு கணக்கு. அதில் அவருக்குப் பங்கில்லை என்று தாராளமாக எழுதலாம்.

அடுத்தது பெயர். விலகுபவர் அதே பெயரில் அங்கே ஒரு குழு தொடங்கலாமா? கூடாதென்றால் எழுதுங்கள். பெயரை வர்த்தகச் சின்னமாக, பொழுதுபோக்குச் சேவைகளுக்கான 41-ம் வகுப்பில் பதியலாம். தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பித்தால் கட்டணம் 4,500 ரூபாய்தான், ஆனால் ஒருவர் பெயரில் பதியாதீர்கள். யூடியூப் சேனல் யாருடைய ஜிமெயிலில் திறக்கப்பட்டது என்று இன்றைக்கே பாருங்கள். அது கனடா போகிறவருடையதாக இருந்தால், ஒப்பந்தத்துக்கும் முந்தின வேலை அதுதான்.

ஸ்பீக்கர், மிக்சர், கேபிள் எல்லாம் எளிது: பொதுப் பணத்தில் வாங்கியவற்றுக்கு ஒரு பட்டியல், விலகுபவரின் பங்குக்குத் தேய்மானம் கழித்து ஒரு தொகை. சொந்தக் கிதார் சொந்தக் கிதாரே.

குழுவில் யாருக்காவது 18 வயது நிரம்பவில்லை என்றால் அவர் பங்குதாரர் ஆக முடியாது, லாபத்தில் மட்டும் சேர்க்கலாம். ஒப்பந்தம் எழுதியதோடு குழுவைப் பதிவுத்துறையில் கூட்டாண்மை நிறுவனமாகப் பதிவதும் நல்லது. பதியாத நிறுவனம், பாக்கி வைத்த கல்யாண வீட்டார்மேல் ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குப் போட முடியாது. பாக்கி வைக்காத கல்யாண வீடு எத்தனை பார்த்திருக்கிறீர்கள்?

முத்திரைத்தாளில் அடிக்கும் முன் ஐவரும் உட்கார்ந்து தமிழிலேயே ஒரு வரைவு எழுதி, அதை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். கிதார் தம்பி விமானம் ஏறும் முன் கையெழுத்தை முடித்துவிடுங்கள். போன பிறகு என்றால் பவர் பத்திரம், தூதரகச் சான்று என்று அலைய நேரும்.