விடுமுறைக்கு வந்த பிள்ளை "அம்மா" என்று கூப்பிட்டால்...

கேள்வி: நானும் மனைவியும் இலங்கை மலையகத்தில், தலவாக்கலையில் ஆசிரியர்கள். மணமாகி 14 ஆண்டுகள், பிள்ளைகள் இல்லை. சிறுவர் இல்லமொன்றில் வளரும் 11 வயதுச் சிறுமி விடுமுறைக்கு எங்கள் வீட்டில் இருக்கிறாள். மனைவியை "அம்மா" என்றே கூப்பிடுகிறாள். "பள்ளிக்கூடம் தொடங்கினால் நான் திரும்பிப் போக வேண்டுமா?" என்று தினமும் கேட்கிறாள். தாய் வெளிநாடு போனவர். 3 ஆண்டுகளாகத் தொடர்பில்லையாம். தெரிந்த ஒருவர் 3 இலட்சம் ரூபாய்க்கு எங்கள் பெயரிலேயே பிறப்புச் சான்றிதழ் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தத் தெரிந்த மனிதரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். 3 இலட்சம் அல்ல, 3 ரூபாயும் கொடுக்காதீர்கள்.

அவர் காட்டும் வழி காலங்கடந்த பிறப்புப் பதிவு; பிறந்தபோது பதியாததைப் பிறகு பதிவது. தேயிலைத் தோட்டங்களில் பதிவே இல்லாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. அதே கதவால்தான் தரகர்களும் நுழைகிறார்கள். இந்தச் சிறுமிக்கோ ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. இல்லத்திலும் பாடசாலையிலும் அந்தப் பெயரில் பதிவு இருக்கிறது. பொய்ச் சான்றிதழ் எடுத்தால் காகிதத்தில் அவள் இரண்டு பேராகிவிடுவாள். அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் நாளில் அது வெளியே வரும். அன்று விசாரணைக்குப் போய் நிற்கப் போவது தரகர் அல்ல, நீங்கள். பிள்ளையை விலைக்கு வாங்குவதும் விற்பதும் தண்டனைச் சட்டக் கோவையின்படி ஆட்கடத்தல் குற்றம். நன்கொடை, அலுவலகச் செலவு, அன்பளிப்பு என்று அதற்கு என்ன பெயர் வைத்தாலும் பணம் பணம்தான்.

1980-களில் இந்த நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன பிள்ளைகள் நடுவயதில் திரும்பி வந்து தாயைத் தேடுவதைப் பார்க்கிறோம். தாய் என்று கையொப்பமிட்டவள் தாயே அல்ல என்பதைச் சிலர் இங்கே வந்த பிறகுதான் அறிகிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு நாள் 30 வயதாகும். அன்று அவள் கேட்பாள்.

நேர்வழி, 1941ஆம் ஆண்டின் பிள்ளைகளை மகவேற்றல் கட்டளைச் சட்டம். மகவேற்றல் என்றால் தத்தெடுத்தல். தத்தெடுப்புக் கட்டளை தருவது மாவட்ட நீதிமன்றம். விண்ணப்பிப்பவருக்கு 25 வயது கடந்திருக்க வேண்டும்; பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும். உங்களுக்கு இதில் சிக்கல் இராது. 10 வயதைத் தாண்டிய பிள்ளையின் சம்மதமும் தேவை. அதனால் அவளுடைய வாய்ச்சொல்லுக்கு நீதிமன்றத்தில் மதிப்பு உண்டு. அதற்காக என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

உண்மையான முடிச்சு தாயின் சம்மதம். இல்லத்தில் வளரும் பிள்ளைகளில் பலருக்குப் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்கள். இல்லத்தில் இருப்பதாலேயே ஒரு பிள்ளை தத்துக் கொடுக்கக்கூடிய பிள்ளையாகிவிடாது. தாய் பிள்ளையைக் கைவிட்டுவிட்டார், அல்லது அவரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றால், சம்மதம் இல்லாமலும் நீதிமன்றம் கட்டளை தரலாம். இந்த விதிவிலக்கை எல்லோரும் தங்களுக்கு வசதியாகப் புரிந்துகொள்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். தொலைபேசி எடுக்காத தாய் காணாமற்போன தாய் அல்ல. சவூதியிலோ குவைத்திலோ வேலை செய்யும் வீட்டில் கைத்தொலைபேசியைப் பறித்து வைத்திருக்கலாம். சம்பளம் வராத வெட்கத்தில் பேசாமல் இருக்கலாம். தோட்டத்தில் பாட்டியோ சித்தியோ இருக்கிறார்களா, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு இருக்கிறதா என்று முறைப்படி தேடியிருக்க வேண்டும். கிராம உத்தியோகத்தரின் ஒரு கடிதமோ, "அவள் வரமாட்டாள்" என்ற இல்லப் பொறுப்பாளரின் வார்த்தையோ அதற்கு ஈடாகாது. கைவிட்டாரா இல்லையா என்று தீர்மானிப்பது நீதிபதி மட்டுமே. நாளைக்கே தாய் வந்து நின்றால், முறையாகத் தேடிய சான்றுதான் பிள்ளையையும் உங்களையும் காப்பாற்றும்.

இனி அவளுடைய கேள்வி. உண்மையைச் சொல்லுங்கள்: "ஆம், போக வேண்டும்." எந்த நாளில், யார் கூட்டிக்கொண்டு போவது என்பதையும் சொல்லி, நாட்காட்டியில் அவள் கையாலேயே குறிக்கச் செய்யுங்கள். "நீ இனி எங்கள் பிள்ளைதான்" என்று இப்போது சொல்லாதீர்கள். அவள் "அம்மா" என்று கூப்பிடுவதைத் தடுக்கவும் வேண்டாம், நீங்களாக அதை வளர்க்கவும் வேண்டாம். அவள் படத்தைப் பேஸ்புக்கில் போடாதீர்கள்.

அப்புத்தளையில் ஒரு வீட்டில் இப்படி விடுமுறைக்கு வந்த பையன் ஒருவனைப் பார்த்திருக்கிறேன். காலை ஐந்து மணிக் குளிரில் எழுந்து, யாரும் சொல்லாமலே கோப்பைகளைக் கழுவிவைப்பான். பிறகு போர்வையை மடித்து, சவர்க்காரத்தைத் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்து, பையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவான். "எவ்வளவு நல்ல பிள்ளை" என்று வீட்டார் பூரித்தார்கள். அது பயம். நல்ல பிள்ளையாக இருந்தால் வைத்துக்கொள்வார்கள் என்ற கணக்கு. உங்கள் வீட்டுச் சிறுமியின் பை எங்கே இருக்கிறது என்று இன்றிரவு பாருங்கள்.

அவளை வீட்டில் வைத்திருப்பது, இத்தகைய பிள்ளைகளின் விடயங்களைக் கவனிக்கும் அரசாங்க அலுவலரான நன்னடத்தை உத்தியோகத்தருக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் பொறுப்பாளரின் வாய்மொழி அனுமதி போதாது; எழுத்தில் கேளுங்கள். தத்தெடுக்கும் விருப்பத்தையும் நன்னடத்தை உத்தியோகத்தரிடமே எழுத்தில் கொடுங்கள். அங்கே பொறுமை தேவைப்படும். ஓர் உத்தியோகத்தர் தலையில் ஒரு பிரதேசத்துப் பிள்ளைகள் எல்லாரையும் கட்டிவிட்டு, கோப்பு ஏன் நகரவில்லை என்று மேலே இருப்பவர்கள் கேட்கிறார்கள். 11 வயதுப் பிள்ளைக்கு இரண்டு வருடத் தாமதம் என்றால் அது அவள் குழந்தைப் பருவத்தின் மிச்சம் என்பது எந்தக் கோப்பிலும் எழுதப்படுவதில்லை. போதாததற்குக் கடிதம் சிங்களத்தில் மட்டும் வரும். தமிழ் 1987 முதல் அரசியலமைப்பில் ஆட்சிமொழி. தமிழில் தரும்படி கேளுங்கள். இந்தத் தாமதம்தான் தரகருக்குச் சோறு போடுகிறது. அவர் மறுபடி வந்தால் 1929 என்ற சிறுவர் பாதுகாப்பு எண்ணுக்கு அழையுங்கள்.

திங்கட்கிழமை பிரதேச செயலகத்துக்குப் போய் நன்னடத்தை உத்தியோகத்தரை எங்கே, எந்த நாளில் சந்திக்கலாம் என்று விசாரியுங்கள். பிள்ளையை உடன் கூட்டிப் போகாதீர்கள். வரிசையில் நின்று தன் கதையைப் பிறர் பேசக் கேட்கும் நிலை அவளுக்கு வேண்டாம்.