குழந்தையின் உயரத்தை வீட்டில் அளக்கும்போது படுக்க வைக்க வேண்டுமா, நிற்க வைக்க வேண்டுமா?

இரண்டு வயது வரை படுக்க வைத்து எடுக்கும் அளவு ‘நீளம்’. அதன்பிறகு நிற்க வைத்து எடுப்பது ‘உயரம்’. ஒரே குழந்தைக்கு நீளம் சுமார் 0.7 செ.மீ. கூடுதலாக வரும் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

காரணம் முதுகெலும்பில் இருக்கிறது. எலும்புகளுக்கு நடுவே மெத்தென்ற வட்டுகள் உண்டு. நிற்கும்போது உடல் எடை அவற்றை லேசாக அழுத்தும், ஆள் உட்கார்ந்ததும் மெத்தை அமுங்குகிற மாதிரி.

சரி, எதை வைத்து அளப்பது? கைக்குழந்தைக்கு, தலைப்பக்கம் அசையாத பலகையும் கால்பக்கம் நகரும் பலகையும் உள்ள அளவுப் பலகைதான் நல்லது. அது இல்லையா? கெட்டியான தரையில் படுக்க வைத்து, உச்சந்தலை சுவரைத் தொடும்படி ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் முழங்காலை மெதுவாக நீட்டி, உள்ளங்காலை ஒட்டி ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை நிறுத்தட்டும். சுவரிலிருந்து புத்தகம் வரை உள்ள தூரம்தான் நீளம். தயவுசெய்து தனியாக முயல வேண்டாம். குழந்தை நெளிந்தால் அளவு எளிதில் தவறிவிடும்.

நிற்கும் குழந்தைக்குச் செருப்பைக் கழற்றி, குதிகால் சுவரில் ஒட்ட நிறுத்தி, தலைமேல் புத்தகத்தை மட்டமாக வைத்தால் போதும். இழுத்தால் நீளும் துணி டேப்பை மட்டும் தவிர்த்துவிடுங்கள், தலைச்சுற்றளவு எடுக்கும்போது கட்டாயமாக.

இரண்டு வயதை ஒட்டி எண் சற்றுக் குறைந்ததும் வளர்ச்சி நின்றுவிட்டதாகப் பலர் பதறுகிறார்கள். பெரும்பாலும் அங்கே மாறியிருப்பது அளக்கும் முறைதான்.