தவணைத் தேதி வந்தால் முதுகு வலிக்கிறது!

கேள்வி: எனக்கு 34 வயது. ஒரு வருடமாக முதுகுவலி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. கணவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் வலி பாதி குறைந்துவிடுகிறது. வீட்டுக்கடன் தவணை நெருங்கினால் எழவே முடியவில்லை. எல்லாம் மனப்பிரமை என்கிறார் மாமியார். அப்படியா டாக்டர்?

பதில்: பிரமை இல்லை. முதுகிலிருந்து சேதி போனாலும், எவ்வளவு வலிக்க வேண்டும் என்று கணக்குப் போடுவது மூளைதான். எங்கள் வார்டு நர்ஸ்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஊசி போட நரம்பு தேடும்போது, நோயாளியின் இன்னொரு கையைத் துணைக்கு வந்தவரிடம் பிடிக்கக் கொடுத்துவிடுவார்கள்.

2010-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், புதிதாகக் காதலில் விழுந்த 15 மாணவர்களின் உள்ளங்கையில் வலிக்கும் அளவுக்கு வெப்பம் கொடுத்துப் பார்த்தார்கள். காதலரின் படத்தைப் பார்த்தபோது மிதமான வலி ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. கடுமையான வலி கொஞ்சம்தான் குறைந்தது. அதே அளவு அழகான, பழக்கமான வேறொருவரின் படம் அவ்வளவு உதவவில்லை. கவனத்தைத் திருப்ப, பந்து இல்லாத விளையாட்டுகளை யோசிக்கச் சொன்னபோதும் வலி குறைந்தது என்பது வேடிக்கை. ஆனால் காதலில் வேலை செய்தது மூளையின் வேறு பகுதி. பிடித்ததைச் சாப்பிடும்போது விழித்துக்கொள்ளும் பகுதி அது.

பணத்துக்கு வருவோம். சீனாவில் அவர்கள் ஊர்ப் பண நோட்டுகளை எண்ணிய மாணவர்களுக்கு, வெறும் காகிதம் எண்ணியவர்களைவிட, வெந்நீரில் விரல் வைத்தபோது வலி குறைவாகத் தெரிந்ததாக 2009-இல் ஓர் ஆய்வு வந்தது. இந்த வகைச் சோதனைகள் பல மறுபடி செய்தபோது பலிக்கவில்லை என்பதால் நான் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. ஆனால் 2016-இல் அமெரிக்காவில் வந்த ஆய்வு உங்கள் கதைக்குப் பொருந்துகிறது. வேலை கிடைக்குமா என்ற பயத்தைக் கிளப்பியபோது, மாணவர்களால் ஐஸ் தண்ணீரில் கையை அதிக நேரம் வைத்திருக்க முடியவில்லை. நிலைமை கைமீறிப் போகிறது என்ற உணர்வுதான் வலியைக் கூட்டுகிறது என்கிறார்கள். அதோடு தூக்கம் கெடும், முதுகுத் தசை இறுகும்.

அதனால் தவணை வாரத்தில் வலி மாத்திரையைக் கூட்டாதீர்கள். வயிறும் சிறுநீரகமும் கெடும். கணக்கு நோட்டைக் கணவரோடு உட்கார்ந்து பாருங்கள், தனியாக வேண்டாம். தினமும் அரைமணி நடங்கள்.

கால் மரத்தாலோ பலமிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ, காய்ச்சலோ எடைக்குறைவோ இருந்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள். மற்றபடி, வலி கூடிய தேதிகளைக் காலண்டரில் வட்டமிட்டு, அடுத்த முறை போகும்போது அவரிடம் காட்டுங்கள்.