நோட்டின் பின்பக்கம்

அண்ணா, வணக்கம்.

குடும்பக் கதையை எழுதலாம் என்று தாத்தாவின் டிரங்குப் பெட்டியைக் கிளறினேன். ஒரு புரோநோட்டு (கடன் பத்திரம்) கிடைத்தது. பிரமோதூத ௵ (வருஷம்) சித்திரை ௴ (மாதம்), அதாவது 1930-இல், தாத்தா 200 ரூபாய் கடன் வாங்கியிருக்கிறார். பின்பக்கத்தில் 1933 பங்குனியில் வரவு 2 ரூபாய், 1936 பங்குனியில் 1 ரூபாய், 1939 தையில் 212 ரூபாய். அவ்வளவுதான். ஸ்டாம்பு ஒட்டிய இடத்தை எலி கடித்திருக்கிறது. வட்டியை ஏமாற்றிவிட்டார் என்று சித்தப்பா சிரிக்கிறார். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பாட்டிக்குக் கணக்கு வழக்கு எதுவும் தெரியாது. அன்றைய 200 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு என்ன?

வாசகர், முசிறி

அன்புள்ள தம்பி,

என் அம்மா வழிக் குடும்பத்துக் காகிதக் கட்டு ஒன்று கொஞ்ச நாளாக என் மேஜையில் கிடக்கிறது. உங்கள் கடிதம் அதன் மேலேயே வந்து விழுந்தது.

இன்றைய மதிப்பை விடுங்கள், அது தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை. 1930-க்குப் பிறகு உலகமெங்கும் விலை சரிந்தபோது நெல் விலையும் சரிந்தது. கடன் அதே 200. அதை அடைக்க விற்க வேண்டிய மூட்டைகள்தான் கூடிக்கொண்டே போயின. அதுதான் உங்கள் தாத்தா அறிந்த மதிப்பு.

எலி கடிக்கவில்லை, தம்பி. கடன் தீர்ந்ததும் ஸ்டாம்பின் மேல் போட்ட கையெழுத்தைக் கிழித்து, நோட்டைக் கடன் வாங்கியவர் கையில் கொடுத்துவிடுவார்கள். தீராத நோட்டு கொடுத்தவர் பெட்டியில் இருக்கும். அது உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது, கையெழுத்து கிழிந்து இருக்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அப்புறம் அந்த 2 ரூபாய், 1 ரூபாய். சித்தப்பா சிரித்தார் என்று படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. நோட்டுக்கு ஆயுள் மூன்று வருஷம். அதற்குள் வரவு வைத்துக் கையெழுத்துப் போடாவிட்டால் காலாவதியாகிவிடும், கோர்ட்டுக்குப் போனாலும் நிற்காது. தேதிகளைப் பாருங்கள். 1930 சித்திரை, 1933 பங்குனி, 1936 பங்குனி. ஒவ்வொரு முறையும் கெடு முடியும் தறுவாயில். ஏமாற்ற நினைத்தவர் அந்தக் கெடு தாண்டும் வரை வெளியூர் போய் இருந்தால் போதும். உங்கள் தாத்தா போகவில்லை. கட்ட வழியில்லாத காலத்திலும் ஒரு ரூபாயை எடுத்துக்கொண்டு போய், கடன் உண்டு என்று தன் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறார். கொடுத்தவர் நெருக்கியிருக்கலாம், சரி. நெருக்கினாலும் கையெழுத்துப் போட்டது இவர்தானே! என் மேஜையில் கிடக்கும் காகிதக் கட்டிலும் இப்படி ஒரு நோட்டு இருக்கிறது. வரவு நாலணா. எழுத்து நடுங்குகிறது, தேதி மட்டும் தப்பவில்லை.

வட்டி எங்கே போனது? 1938-இல் ராஜாஜி அமைச்சரவை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. 1932 அக்டோபர் 1-க்கு முன் விவசாயி வாங்கிய கடனுக்கு, 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டி முழுக்கத் தள்ளுபடி. அசலும் அதற்குப் பிந்திய வட்டியும்தான் பாக்கி. உங்கள் 212 ரூபாய் அதற்கு ஏறக்குறையப் பொருந்தி வருகிறது. குடும்பக் கதை எழுத உட்காருகிறவர் அந்தக் காலத்துச் சட்டத்தை ஒரு தடவையாவது புரட்ட வேண்டாமா? அதைச் செய்யாமல் தாத்தாவுக்காகக் கூச்சப்பட உங்களுக்கு என்ன உரிமை?

பாட்டிக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. 212 ரூபாய் ஒரே தவணையில் எங்கிருந்து வந்தது? அது தை மாதம், அறுவடைப் பணமாக இருக்கலாம். நிலம் விற்றிருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சொத்துப் பத்திரங்களைப் பதியும் 1-ஆம் புத்தகத்தில் பதிவாகியிருக்கும். ஊர் பெயரும் சர்வே எண்ணும் கொடுத்து 1938, 1939-க்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் பாட்டியின் நகைதான். எங்கள் அப்பாயியின் அட்டிகை ஆடியில் அடகுக்குப் போகும், தையில் திரும்பும். ஒரு தையில் திரும்பவில்லை. அது எந்தக் காகிதத்திலும் இல்லை, அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

உங்கள் வீட்டில் வயதான பெண்கள் யாராவது இருந்தால் இந்த வாரமே போய் உட்காருங்கள். கடனைப் பற்றிக் கேட்காதீர்கள், வாயைத் திறக்கமாட்டார்கள். பாட்டி கல்யாணத்தில் என்னென்ன நகை போட்டிருந்தார், அதில் எது யாருக்குப் போனது என்று கேளுங்கள். கணக்கில் வராத நகை எது என்று எனக்கு எழுதுங்கள்.