கேள்வி பதில்: சிக்கானோ சுவரொட்டியும் சுண்ணாம்பு மக்காச்சோளமும்

அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ வம்சாவளியினரின் சிக்கானோ கலை பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். சுவரொட்டி, காகிதத் தோரணம், மக்காச்சோள ரொட்டி, பூச்சிச் சாயம் நான்கையும் அதில் தொட்டுக்காட்டியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "இதை நம்ம ஊரில் செய்ய முடியுங்களா?" என்றே கேட்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

பனியன் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேனுங்க. சிக்கானோ போஸ்டர் மாதிரி நாலு கலரில் பேப்பரில் அடித்துப் பார்த்தேன். மூன்றாவது கலரிலேயே டிசைன் விலகிவிடுகிறது. பேப்பரும் நெளிந்துகொள்கிறது. பனியனில் இந்தத் தொந்தரவு இல்லையே?
– வாசகர், திருப்பூர்

பனியன் துணியை மேசையில் கம் பூசி ஒட்டிவிடுகிறீர்கள், அது நகர வழியில்லை. காகிதம் நகரும். ஈரத்தை இழுத்தால் விரியும், காய்ந்தால் சுருங்கும். தண்ணீர் இங்கில் முதல் கலர் அடித்ததும் தாள் ஈரமாகிறது, மின்விசிறிக் காற்றில் காய்ந்ததும் சுருங்குகிறது. மூன்றாவது கலருக்கு வரும்போது அது நீங்கள் முதலில் வைத்த அளவுத் தாளே அல்ல. ஸ்கிரீன் பிரேமை எத்தனை முறை சரிசெய்தாலும் ஒரு மூலை பொருந்தினால் மறு மூலை விலகும்.

முதலில் மெஷ்ஷை, அதாவது ஸ்கிரீனில் கட்டும் வலைத்துணியை, மாற்றுங்கள். பனியனுக்கு செ.மீ.க்கு 43 முதல் 55 இழை உள்ள மெஷ் போடுவீர்கள். அது காகிதத்தில் இங்கைக் கொட்டிவிடும், நெளிவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். காகிதத்துக்கு 90 முதல் 120 இழை வேண்டும். தாள் 200 ஜி.எஸ்.எம்.முக்கு (சதுர மீட்டருக்கு 200 கிராம்) குறையக் கூடாது. அடிக்கும் அறையிலேயே ஒரு நாள் முன்னதாகத் தாளைப் பிரித்து வையுங்கள், அந்த அறையின் ஈரத்துக்கு அது பழகிக்கொள்ளும். மேசையில் தாள் முட்டி நிற்க மூன்று ஸ்டாப் (சின்னத் தடுப்பு) ஒட்டுங்கள்: நீளப் பக்கம் இரண்டு, அகலப் பக்கம் ஒன்று. நான்கு கலருக்கும் தாளின் அதே இரண்டு ஓரங்கள்தான் ஸ்டாப்பில் முட்ட வேண்டும். ஒரு கலருக்குத் தாளைத் திருப்பி வைத்துவிட்டால், வெட்டிய ஓரத்தின் சின்னக் கோணலும் படத்தில் வந்து நிற்கும்.

பிரேம் தாளைத் தொட்டபடி கிடக்கக் கூடாது, 2 முதல் 3 மி.மீ. இடைவெளி வேண்டும். இங்கைத் தள்ளும் ரப்பர் பட்டையான ஸ்குவீஜி கடந்ததும் மெஷ் தானாக எழும்பினால்தான் ஓரம் கூர்மையாக விழும். பனியனுக்கு வைத்திருக்கும் மழுங்கிய மென்ரப்பர் வேண்டாம், கூர்முனையுள்ள கொஞ்சம் கெட்டியான ரப்பர் போடுங்கள். சித்திரை வெயிலில் தண்ணீர் இங்க் மெஷ்ஷுக்குள்ளேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு தாளும் எடுத்தவுடன் அழுத்தாமல் ஒரு இழுப்பு இழுத்து, ஸ்கிரீன் மேல் இங்கைப் பரப்பி மூடி வையுங்கள். இங்க் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கொஞ்சம் சேர்த்தால் அடைப்பு இன்னும் குறையும். வெளிர் நிறத்தில் தொடங்கிக் கறுப்பைக் கடைசியில் அடியுங்கள். கறுப்புக் கோட்டுக்கு அடியில் மற்ற நிறங்கள் ஒரு மி.மீ. உள்ளே போகும்படி பிலிம் எடுத்தால், சின்ன விலகல் கண்ணுக்குத் தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துச் சிக்கானோ போஸ்டர்களில் பல இரண்டு மூன்று நிறத்தோடு நின்றுவிட்டவை. மறுநாள் ஊர்வலத்துக்கு ராத்திரியே அடித்தாக வேண்டும், கையில் காசு கிடையாது. கலிபோர்னியாவில் டெலானோ ஊரைச் சுற்றிய திராட்சைத் தோட்டங்களில் 1965 செப்டம்பர் 8 அன்று லாரி இட்லியாங் தலைமையில் பிலிப்பினோ தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சில நாளில் சீசர் சாவேஸ், டோலோரஸ் வேர்த்தா ஆகியோரின் பண்ணைத் தொழிலாளர் சங்கமும் சேர்ந்துகொண்டது. அந்தச் சங்கத்தின் கொடியைப் பாருங்கள்: சிவப்புத் தரை, நடுவில் வெள்ளை வட்டம், அதற்குள் கறுப்புக் கழுகு. சீசரின் தம்பி ரிச்சர்ட் 1962இல் வரைந்தது. யார் வேண்டுமானாலும் எளிதாக வரைய, கழுகின் இறக்கையைப் படிக்கட்டு மாதிரி நேர்கோடுகளால் அமைத்தார். காகிதத்தில் பழக இதைவிட நல்ல படம் கிடையாது. வெள்ளை என்பது தாளேதான், அதனால் இரண்டே ஸ்கிரீன் போதும். கழுகு வெள்ளை வட்டத்துக்கு நடுவில் தனியாக நிற்பதால் 2 மி.மீ. விலகினாலும் கெடாது. நூறு தாள் இதில் அடித்துக் கை பழகிய பிறகு நாலு கலருக்குப் போங்கள்.

எஸ்தர் எர்னாண்டஸ் 1982இல் அடித்த ஸ்கிரீன் பிரிண்ட் ஒன்றையும் தேடிப் பாருங்கள். உலர்திராட்சைப் பெட்டியில் சிரிக்கும் பெண்ணின் இடத்தில் எலும்புக்கூட்டை வைத்திருப்பார். அவர் பிறந்த டினூபா ஊரில் பூச்சிமருந்து நிலத்தடி நீரில் கலந்த சேதி கேட்டு உருவான படம் அது. நொய்யல் கரையில் சாயத் தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் படத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சிக்கானோ, லத்தினோ, ஹிஸ்பானிக் மூன்றும் ஒன்றுதானா?
– கல்லூரி மாணவி, கோபிசெட்டிபாளையம்

இல்லை. ஹிஸ்பானிக் என்றால் ஸ்பானிய மொழி வழி வந்தவர்கள். லத்தினோ என்றால் லத்தீன் அமெரிக்க வழி வந்தவர்கள். போர்த்துகீசு பேசும் பிரேசில்காரர் லத்தினோ ஆகலாம், ஹிஸ்பானிக் ஆக மாட்டார். ஸ்பெயின் நாட்டவர் அதற்கு நேர்மாறு. சிக்கானோ என்பது அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ வம்சாவளியினருக்கு மட்டும் உரியது, பெண்ணானால் சிக்கானா. முன்பு இழிவாகச் சொல்லப்பட்ட அந்தப் பெயரை 1960களில் இளைஞர்கள் தாங்களே விரும்பிச் சூடிக்கொண்டார்கள். எல்லோரும் குடியேறி வந்தவர்கள் என்றும் நினைக்கக் கூடாது. 1848இல் குவாதலூப் இதால்கோ உடன்படிக்கையில் மெக்சிகோ தன் வடபகுதியை இழந்தபோது, வீட்டை விட்டு நகராமலே அமெரிக்காவுக்குள் வந்துவிட்ட குடும்பங்களும் உண்டு.

எங்கள் காட்டு மக்காச்சோளத்தை மில்லில் அரைத்துத் தோர்த்தியா (மெக்சிகோ மக்காச்சோள ரொட்டி) தட்டினேன். விரித்தால் விரிசல், கல்லில் போட்டால் உடைகிறது. மைதா கலக்காமல் வராதா?
– வாசகி, பல்லடம்

வரும். மைதா வேண்டாம், சுண்ணாம்பு வேண்டும். வெறும் மக்காச்சோள மாவில் பிடிப்பு கிடையாது. சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்தால் தோல் கரைந்து விடுபடும், மாவு ஒட்டிக்கொள்ளும் பக்குவத்துக்கு வரும். மெக்சிகோவில் இப்படி வேகவைத்த சோளத்துக்கு நிக்ஸ்தமால் என்று பெயர். கொலம்பஸ் கப்பலேறுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய முறை. மக்காச்சோளத்தில் உள்ள நியாசின் சத்து உடலில் சேர்வதும் இதனால்தான். ஐரோப்பியர்கள் பயிரை மட்டும் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். மக்காச்சோளமே சாப்பாடாக இருந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்துப் புத்தி பேதலிக்கும் பெல்லாக்ரா நோய் வந்தது. நம் பாட்டிமார் வெற்றிலைக்குத் தடவிய அதே சுண்ணாம்புதான் மருந்தாக இருந்திருக்கும்.

ஒரு கிலோ காய்ந்த மக்காச்சோளத்துக்கு 3 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உணவுத்தரச் சுண்ணாம்புத் தூள். வெள்ளையடிக்கிற சுண்ணாம்பைத் தொடாதீர்கள். எவர்சில்வர் பாத்திரத்தில் வையுங்கள், அலுமினியத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடும். விதைக்காக மருந்து பூசிச் சிவப்பாக்கிய சோளம் கூடவே கூடாது. தீவனத்துக்கென்று ஒதுக்கிய மூட்டையில் பூஞ்சை வாடையோ கறுத்த மணியோ இருந்தால் அந்த மூட்டையே வேண்டாம். பூஞ்சை நஞ்சு வேகவைத்தால் முழுதாகப் போகாது.

சிறுதீயில் 40 நிமிடம். நம் பக்கத்து மஞ்சள் வீரிய ரகம் கெட்டியாக இருந்தால் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். ஒரு மணியை எடுத்து விரலால் தேய்த்தால் தோல் வழுக்கி வர வேண்டும், கடித்தால் நடுவில் கொஞ்சம் மாவு வெள்ளை தெரிய வேண்டும். அந்தப் பதத்தில் இறக்கி மூடி, இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் மஞ்சள் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டு முறை அலசினால் போதும். தோலை ஒட்ட ஒட்டத் தேய்த்து எடுத்துவிடாதீர்கள், கொஞ்சம் தோல் இருந்தால்தான் மாவு இழுபடும்.

அரைப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கிரைண்டரில் இட்லிக்கு ஊற்றுவது போலத் தண்ணீர் ஊற்றினால் கூழாகிவிடும். கரண்டி கரண்டியாக விடுங்கள், அரைக் கிலோவுக்கு மேல் போடாதீர்கள். கல் சுற்றத் திணறினால் நிறுத்தி வழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அம்மி இருந்தால் அதுவே மேல். மெக்சிகோவின் மெத்தாத்தே நம் அம்மிக்கு உடன்பிறந்தது மாதிரி, எரிமலைக் கல்லில் செதுக்கி மூன்று கால் வைத்தது. குழவியை அவர்கள் மானோ என்கிறார்கள்.

எலுமிச்சை அளவு உருண்டையை இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்துத் தட்டையான தட்டால் அழுத்துங்கள். ஓரம் வெடித்தால் தண்ணீர் போதவில்லை, தாளில் ஒட்டினால் அதிகம். நன்கு காய்ந்த கல்லில் எண்ணெய் இல்லாமல் போட்டு 20 விநாடியில் திருப்புங்கள். மறுபக்கம் ஒரு நிமிடம், பிறகு மீண்டும் திருப்பினால் உப்பும். சுட்டதை உடனே துணியில் சுற்றி வையுங்கள், இல்லாவிட்டால் அப்பளமாகிவிடும். சோப்பு மாதிரிக் கசந்தால் சுண்ணாம்பு கூடிவிட்டது என்று அர்த்தம்.

பள்ளி விழாவுக்கு மெக்சிகோ காகிதத் தோரணம் கட்ட நினைக்கிறோம். நான்கைந்து தாள் வெட்டுவதற்குள் கிழிந்துவிடுகிறது.
– ஆசிரியை, உடுமலைப்பேட்டை

இதற்குப் பாபெல் பிக்காடோ என்று பெயர். பூயெப்லா மாநிலத்து சான் சல்வதோர் விக்ஸ்கொலோத்லா ஊர் இதற்குப் பேர்போனது. அங்கே கத்தரி கிடையாது. நாற்பது ஐம்பது டிஷ்யூ தாளை அடுக்கி, மேலே வரைபடத்தை வைத்து, அடியில் ஈயத்தகடு போட்டு, உளியும் சுத்தியலுமாக ஒரே அடியில் எல்லாத் தாளையும் துளைப்பார்கள். பிள்ளைகளுக்கு உளி வேண்டாம். எட்டுத் தாள் அடுக்கி நான்கு ஓரமும் ஸ்டேப்ளர் அடித்து, புது பிளேடு போட்ட கட்டரால் பெரியவர்கள் வெட்டட்டும், பிள்ளைகள் தாளை மடித்துக் கத்தரிக்கட்டும்.

கிழிவதற்கு வரைபடம்தான் காரணமாக இருக்கும். ஒவ்வொரு உருவமும் அக்கம்பக்கத்தோடு இரண்டு இடத்திலாவது ஒட்டியிருக்க வேண்டும், அந்தப் பாலம் 4 மி.மீ.க்குக் குறையக் கூடாது. நடுவில் உள்ள சிறு துளைகளை முதலில் வெட்டி, ஓரத்துக்குக் கடைசியில் வாருங்கள். மேல் விளிம்பில் 3 செ.மீ. வெட்டாமல் விட்டு, நூலின் மேல் மடித்துக் குச்சிப் பசையால் ஒட்டுங்கள். மைதாப் பசை ஈரத்தில் சாயத்தை இறக்கிவிடும்.

உங்கள் ஊர் ஆடிக் காற்றுக்கு டிஷ்யூ அரை மணி நேரம் தாங்காது. மண்டபத்துக்குள் கட்டுங்கள். வெளியே என்றால் மெல்லிய பிளாஸ்டிக் தாள், மெக்சிகோவிலேயே அப்படி விற்கிறார்கள். இறந்தோரை நினைக்கும் நவம்பர் 1, 2 நாட்களுக்கென்றால் கூடவே செண்டுமல்லி வையுங்கள். அந்தச் செடி மெக்சிகோவிலிருந்து வந்ததுதான். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் சகோதரி கேரன் பொக்கலேரோ என்ற கன்னியாஸ்திரி ஓவியர்களோடு சேர்ந்து தொடங்கிய செல்ஃப் ஹெல்ப் கிராஃபிக்ஸ் என்னும் அச்சுக்கூடம் 1970களில் இருந்தே அந்த நாளை வீதி விழாவாக நடத்துகிறது.

கொறங்காட்டு வேலியோரச் சப்பாத்திக்கள்ளியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கிறது. நசுக்கினால் ரத்தச் சிவப்பு. நீங்கள் எழுதிய சாயப்பூச்சி இதுதானா?
– விவசாயி, காங்கேயம்

அதன் உறவுக்காரப் பூச்சி. மெக்சிகோவின் ஓஹாக்கா நெசவாளர்கள் வளர்ப்பது சாயத்துக்கென்றே தேர்ந்த இனம், பஞ்சு இல்லாமல் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். காய்ந்த பூச்சியின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு சாயமே. இந்தச் சாயப்பூச்சியை இங்கே வளர்க்கும் ஆசை கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் இருந்தது. 1795இல் பிரேசிலில் இருந்து வந்து சேர்ந்ததோ காட்டு இனம், சாயம் சொற்பம். அது கள்ளி இனம் ஒன்றைத் தின்று தீர்த்ததுதான் மிச்சம். இன்னொரு கள்ளி இனம் தென்னிந்தியக் காடுகளை அடைத்துக்கொண்டபோது, 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு காட்டுப் பூச்சியை வேண்டுமென்றே கொண்டுவந்து விட்டார்கள். நம் வேலிகளில் பஞ்சு கட்டி நிற்பவை இப்படி வந்த காட்டு இனங்கள்.

ஆசைக்குச் சாயம் போட்டுப் பார்க்கலாம். கள்ளியின் நுண்சுணை கண்ணுக்குத் தெரியாமல் ஏறும், தோல் கையுறை போட்டு மொட்டைக் கத்தியால் சுரண்டுங்கள். நிழலில் காயவைத்துப் பொடித்த பூச்சி 20 கிராம், கம்பளி அல்லது பட்டு நூல் 50 கிராம். நூலை 7 கிராம் படிகாரம் கரைத்த வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். பொடியைத் தனியே அரை மணி கொதிக்கவைத்து மெல்லிய துணியில் வடிகட்டுங்கள், பூச்சியின் மெழுகு நூலில் ஏறினால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். வடித்த சாயத்தில் நூலைப் போட்டுக் கொதி வராத சூட்டில் ஒரு மணி நேரம் வையுங்கள். எலுமிச்சைச் சாறு விட்டால் நிறம் செம்மைக்குப் போகும், சோடா உப்பு போட்டால் ஊதாவுக்கு.

பருத்தி நூலில் இது நேராகப் பிடிக்காது. முதலில் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட்டு, அதற்குப் பிறகு படிகாரம் கொடுங்கள். காங்கேயத்துப் போர்த் தண்ணீரைப் பயன்படுத்தாதீர்கள். உப்புத்தண்ணியில் சிவப்பு மங்கி ஊதா பாயும், இரும்பு இருந்தால் சாம்பலாகிவிடும். இரும்புச் சட்டியும் அதனாலேயே ஆகாது. மழைத்தண்ணீர் பிடித்து வைத்து, எவர்சில்வர் பாத்திரத்தில் போடுங்கள்.