நிறம் ஒன்று, வயிறு வேறு: காலித் தோட்டாவைப் பிரிப்பது எப்படி?

கேள்வி: டல்லாஸ் பக்கம் இருக்கிறேன், ஆறு மாதமாக ட்ராப் (பறக்கவிடும் களிமண் தட்டைச் சுடும் விளையாட்டு) சுடப் போகிறேன். ரேஞ்சில் கிடந்த 12 கேஜ் (குழல் விட்டத்தின் அளவு) காலித் தோட்டாக்களை ஒரு வாளி நிறையப் பொறுக்கி வைத்திருக்கிறேன், எல்லாமே 2¾ இன்ச். நிறம் பார்த்துப் பிரித்து, எல்லாவற்றுக்கும் ஒரே பவுடர் (வெடிமருந்து), ஒரே வாட் (மருந்துக்கும் ரவைக் குண்டுகளுக்கும் நடுவில் வைக்கும் அடைப்பு) போட்டு மறுபடி சுட நிரப்பலாமா?

பதில்: கூடாது. நிறத்தை நம்பவே நம்பாதீர்கள். ரெமிங்டன் கம்பெனி வகைகளில் எஸ்டிஎஸ் பச்சை, நைட்ரோ 27 தங்க நிறம். வெளியே வேறு வேறாகத் தெரிந்தாலும் உள்ளே ஒன்றுதான், அவர்களின் 'கன் கிளப்' வகையும் அதே ஜாதி. ஆனால் அதே ரெமிங்டனின் வேட்டைத் தோட்டாக்களிலும் பச்சை உண்டு, அதன் வயிறு, அதாவது உள்பக்க வடிவம், வேறு. சிவப்பை எடுத்தால் வின்செஸ்டர் ஏஏவும் சிவப்பு, ஃபெடரலிலும் சிவப்பு, இரண்டுக்கும் ஒரே கணக்குப் போட்டால் தப்பாகிவிடும்.

ஒரு வேலை செய்யுங்கள். சுட்டு முடித்ததில் வகைக்கு ஒன்றாக எடுத்து, பிரைமரை (அடியில் இருக்கும், மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) தட்டி வெளியே எடுத்துவிட்டு, ஹேக்ஸா பிளேடால் நெடுக்காக அறுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எஸ்டிஎஸ்ஸில் சுவரும் அடியும் ஒரே பிளாஸ்டிக்காக வார்த்திருக்கும், உள்பக்கம் அடியை நோக்கிப் போகப் போகக் குறுகும். ஃபெடரல் கோல்டு மெடலில் குழாய் நேராக இறங்கும், அடியில் தனியாக ஒரு பேஸ் வாட் உட்கார்ந்திருக்கும். செடைட், ஃபியோக்கி போன்ற ஐரோப்பியத் தோட்டாக்களும் நேர்க்குழாய்தான். ஏஏவில் பழையது ஒரே வார்ப்பு, பின்னால் வந்த ஏஏ எச்எஸ் வகையில் அடிப்பாகம் தனி. இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் தோட்டா வாயில் விரலை விட்டாலே தெரிந்துவிடும்.

இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், இடம் குறைந்தால் அதே பவுடர் கூடுதல் அழுத்தம் கொடுக்கும். 12 கேஜ் 2¾ இன்ச்சுக்கு அமெரிக்காவில் வைத்திருக்கும் உச்ச வரம்பு 11,500 பிஎஸ்ஐ (சதுர இன்ச்சுக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்), அதைத் தாண்டியதா இல்லையா என்று வீட்டு மேசையில் உட்கார்ந்து யாராலும் சொல்ல முடியாது. இடம் கூடினாலும் தொல்லை: கிரிம்ப் (தோட்டா வாயின் மடிப்பு) உள்ளே குழிந்து போகும், பவுடர் சரியாக எரியாது. குறுகும் வயிற்றுக்கு என்று செய்த வாட்டை நேர்க்குழாயில் போட்டால் ஓரத்தில் வாயு கசியும். ஆரம்பத்தில் நானும் கலந்து கட்டி நிரப்பினேன். ஒருநாள் சத்தம் 'டமார்' என்று வராமல் 'புஸ்' என்று வந்தது, பக்கத்தில் நின்ற பெரியவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, துப்பாக்கியைத் திறந்து குழலை வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னார். வாட் பாதியில் சிக்கியிருந்தது. அடுத்த தோட்டாவைச் சுட்டிருந்தால் குழலே பிளந்திருக்கும். சத்தம் மாறினால் உடனே நிறுத்துங்கள், குழலைப் பாருங்கள், அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம்.

ஆக, லோடு புத்தகத்தில் (எதை எவ்வளவு நிரப்புவது என்று சொல்லும் அட்டவணைப் புத்தகம்) தோட்டாவின் பெயர், பிரைமர், வாட், பவுடர், ரவையின் எடை என்று ஒரே வரியில் என்ன போட்டிருக்கிறதோ அதை அப்படியே செய்யுங்கள், ஒன்றைக்கூட 'இது கிட்டத்தட்ட அதுதானே' என்று மாற்றாதீர்கள். பெயர் தெரியாத தோட்டா குப்பைக்கு. புதிதாக ஆரம்பிப்பவர் ஒரே வகையை மட்டும் சேர்ப்பது நல்லது. இன்னொன்று, கீழே கிடப்பது கிளப்புக்குச் சொந்தம் என்று சில இடங்களில் விதி உண்டு, கேட்டுவிட்டு எடுங்கள்.

கேள்வி: 3 இன்ச் காலித் தோட்டாவும் கொஞ்சம் இருக்கிறது. மடித்து நிரப்பினால் என் 2¾ இன்ச் துப்பாக்கிக்குள் போகிறது. சுடலாமா?

பதில்: சுடவே கூடாது. 3 இன்ச் என்ற அளவு, வாய் முழுசாக விரிந்த பிறகு உள்ள நீளம். மடித்திருக்கும்போது உள்ளே போகும், சுடும்போது மடிப்பு விரிய இடம் இல்லாமல் குழல் தொடங்கும் இடத்தை அடைக்கும், அழுத்தம் எகிறும்.

கேள்வி: ஊருக்கு வரும்போது தோட்டா நிரப்பும் பிரஸ்ஸைக் கொண்டுவந்து அண்ணனுக்கு நிரப்பிக் கொடுக்கலாமா? அவரிடம் துப்பாக்கி லைசென்ஸ் இருக்கிறது.

பதில்: வேண்டாம். இந்தியாவின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்திருக்கும் லைசென்ஸ் அதற்குச் செல்லாது.

கேள்வி: ஒரு தோட்டாவை எத்தனை முறை நிரப்பலாம்?

பதில்: எண்ணிக்கை வைத்துச் சொல்ல முடியாது, ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். மடிப்பு ஓரத்தில் விரிசல், வாயில் கருகல், சுவரில் ஊசித்துளை, ஆடுகிற பேஸ் வாட், இதில் எது இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். பேஸ் வாட் கழன்று குழலில் நின்றாலும் அதே ஆபத்துதான். பிரைமர் குழியையும் பாருங்கள்: செடைட், ஃபியோக்கி 209 பிரைமர்கள் அமெரிக்க 209-ஐவிட மயிரிழை அளவு பெரியவை, அவற்றைப் போட்ட தோட்டாவில் அடுத்த தடவை வின்செஸ்டர் பிரைமர் லொடலொடவென்று நிற்கும். கட்டைவிரலால் அழுத்தி உள்ளே போகிற பிரைமர் என்றால் அந்தத் தோட்டா வாளிக்குத் திரும்பக் கூடாது.